மூட்டைக்கும் ஆளுக்கும் ஒரே வண்டி

சேலம் ஜில்லா, ராசிபுரம் தாலுகா, முள்ளுக்குறிச்சியில் குடியிருக்கும் காலஞ்சென்ற சென்னியப்பன் மனைவி குழந்தையம்மாள், வயது சுமார் 43, தொழில் விவசாயம், 1943-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் தானாக ஆஜராகிச் சொன்னது.

என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. என் லாரி டிரைவர் சின்னக்கண்ணு, மூன்று பேர் சாவுக்குத் தான் ஒருவனே காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முந்தாநாள் முதல் லாக்கப்பில் இருக்கிறான். அவன் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதுகிறார். என் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது.

என் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நிலத்தையும் இரண்டு மாட்டு வண்டிகளையும் நானே பார்த்து வந்தேன். திண்ணனூர் நாட்டு மலைக்காரர்கள் சாமை, கடுக்காய், கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதை எல்லாம் தலைச்சுமையாக அடிவாரத்துக்குக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து ராசிபுரம் சந்தைக்கு என் வண்டியில் ஏற்றி அனுப்புவேன். மூட்டை ஏறினால் ஆள் ஏற இடமில்லை, ஆள் ஏறினால் மூட்டை நிற்கும். நடந்து போகிறவர்கள் போய்ச் சேருவதற்குள் பாதிச் சந்தை கலைந்துவிடும். இன்னும் இரண்டு ஜோடி மாடு வாங்கலாம் என்று என் கொழுந்தனார் மாரப்பன் சொன்னார். நான் லாரி வாங்கலாம் என்றேன். "பொம்பளைக்கு எதுக்கு லாரி?" என்று நாலு பேர் எதிரில் கேட்டார். அதற்குப் பிறகு லாரியைத் தவிர வேறு எதையும் நான் வாங்குவதாக இல்லை.

அதன் பிறகு இந்த வருஷம் மாசி மாதம் சேலம் போய் மூன்று வண்டிகள் பார்த்தேன். ஒன்று பஸ். ஆள் சுகமாக உட்காரலாம், ஆனால் மேலே பத்து மூட்டைக்கு மேல் ஏற்ற முடியாது. இரண்டாவது லாரி. நாற்பது மூட்டை ஏறும், ஆள் உட்கார ஒரு பலகைகூட இல்லை. மூன்றாவதும் லாரிதான், பழசு, ஆனால் இரண்டு பக்கமும் கீல் வைத்த பலகை இருந்தது. மடித்தால் மூட்டை, விரித்தால் ஆள். விற்கிறவர் அலுத்துப் போகும் வரை அந்தப் பலகையை மடித்தும் விரித்தும் பார்த்தேன். என் ஆயுசில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் வாங்கியதில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆகவே கரி போட்டு ஓட்டுகிற உருளையைப் பட்டறையில் வைக்கச் சொன்னேன். அதில் கரி எரிந்து வரும் காஸ் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். பட்டறைக்காரர் அதை வண்டிக்கு வெளியே பின்பக்கம் தொங்கவிட வேண்டும் என்றார். பின்பக்கம் தொங்கினால் மூட்டையை எந்த வழியாக ஏற்றுவது? உள்ளேயே, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூலையில் வைக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அப்படீன்னா மேல மூடாதீங்கம்மா, காத்து போகோணும்" என்றார். சரி சரி என்றேன். அன்றைக்குச் சின்னக்கண்ணு என்னிடம் வேலைக்கே சேரவில்லை. பட்டறைக்காரர் சொன்னதை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

சித்திரையிலிருந்து எட்டு மாதம் வண்டி ஓடிற்று. மேலே திறந்தே இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்ற அனுமதி கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. மலையிலிருந்து ஐந்து பேர் சாமை கொண்டு வந்தார்கள். காளியண்ணன், அவன் மனைவி பொன்னம்மாள், அவளைப் பெற்ற மாதம்மாள், பக்கத்து வீட்டு அத்தாயி, அவள் புருஷன் அப்பாசாமி. பொன்னம்மாள் ஆறு மாதம் கர்ப்பம். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சாமையை மட்டும் கம்பளியில் சுற்றி நனையாமல் கொண்டு வந்திருந்தார்கள். முன்பே வந்த சரக்கோடு சேர்த்து இருபத்திரண்டு மூட்டை. நனைந்த சாமையைச் சந்தையில் நாயும் சீந்தாது. ஆகவே நான் தார்ப்பாயை மேலே இழுத்துப் போர்த்தி நாலு பக்கமும் கயிறு கட்டினேன். முடிச்சுப் போட்டது என் கை.

அப்போது சின்னக்கண்ணு, "ஒரு பக்கமாச்சும் திறந்து விடலாங்களா அம்மா?" என்று கேட்டான். "சாமை நனைஞ்சா நீ வாங்கிக்கறயா?" என்றேன். அவன் போய் உருளையில் கரி போட்டான்.

மலைக்காரர் வீட்டில் நடு வீட்டில் அடுப்பு, அதற்கு நேர் மேலே தானியம் வைக்கிற பரண். பகல் முழுக்கப் புகை போய்க்கொண்டே இருந்தால்தான் தானியத்தில் வண்டு விழாது. சன்னல் கிடையாது. கதவைச் சாத்தி அந்தப் புகைக்குள்தான் படுப்பார்கள், தலைமுறை தலைமுறையாக ஒன்றும் ஆனதில்லை. ஆகவே மூடின இடத்தில் நெருப்பு இருப்பதை அவர்கள் ஒரு பயமாகவே நினைக்கவில்லை. காளியண்ணனும் அப்பாசாமியும் உள்ளேயிருந்து பலகைச் சந்துகளில் வைக்கோலைத் திணித்து அடைத்தார்கள். உருளை இருந்த மூலைதான் நல்ல இடம் என்று அதைப் பெண்கள் மூவருக்கும் விட்டுக் கொடுத்தார்கள். நானும், "மூலையில உக்காரு கண்ணு, கதகதன்னு இருக்கும்" என்று பொன்னம்மாளிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்து கையைச் சூடு காட்டிக்கொண்டு, "ஊட்டுல இருக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். எனக்கு அது கேட்கப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு காலை ஒன்பது மணி சுமாருக்குப் புறப்பட்டோம். நான் முன்னால் சின்னக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் வண்டி ஊர்ந்துதான் போயிற்று. இந்த வண்டியை வழியில் நிறுத்தினால் காஸ் குறைந்துவிடும், மறுபடி கரியைக் கிளப்பி ஓட்ட அரை மணி ஆகும். நாமகிரிப்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் முதுகுக்குப் பின்னால் பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, பின்னால தட்டறாங்க. நிறுத்தட்டுங்களா?" என்று சின்னக்கண்ணு கேட்டான்.

"ஆட்டம் தாங்காம தட்டறாங்க. நின்னா சந்தை போச்சு. நீ ஓட்டு" என்றேன்.

மறுபடியும் தட்டினார்கள். அவன் காலை பிரேக்குக்குக் கொண்டு போனான். நான் அவன் தொடையில் ஓர் அடி வைத்து ஓட்டு என்றேன். மூன்றாவது தடவை தட்டினது மெதுவாக இருந்தது. அதற்கு மேல் தட்டவில்லை. ஒருவழியாகச் சும்மா இருக்கிறார்களே என்று நினைத்தேன். ராசிபுரம் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

சந்தைக்கு வெளியே நிறுத்திப் பின்பக்கத்து முடிச்சை நானே அவிழ்த்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் என்றுதான் நினைத்தேன். "எந்திரிங்க, சந்தை வந்தாச்சு" என்று சத்தம் போட்டேன். பின்கதவோரம் தார்ப்பாய் கிழிந்திருந்த இடத்தில் முகத்தை வைத்துக் காளியண்ணன் வாந்தி எடுத்துக் கிடந்தான். அப்பாசாமிக்கு மூச்சு மட்டும் இருந்தது. மூலையில் தாயும் மகளும் அத்தாயியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். பொன்னம்மாள் முகம் நல்ல சிவப்பாக, காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று நம்பி, தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். எதற்காகத் தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்திரண்டும் காய்ந்திருந்தன.

சின்னக்கண்ணு ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தான். கரியிலிருந்து வருகிற காஸ்தான் பெண்கள் மூவரையும் கொன்றது, அதற்குப் புகையும் இல்லை வாசமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை என் கையாலேயே மூடிக் கட்டி அவர்களை அதற்குள் உட்கார வைத்தேன் என்பது இன்னும் என் மனசில் ஏறவில்லை. அப்பாசாமி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

மறுநாள் புதன்கிழமை மலையிலிருந்து முப்பது பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிணங்களை அடிவாரம் வரைக்குமாவது என் மாட்டு வண்டியில் கொண்டு போகச் சொன்னேன். வேண்டாம் என்று மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கினார்கள். கிளம்பும்போது காளியண்ணன் என்னிடம் வந்தான். அவனுக்கு நிற்க முடியவில்லை, இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஏனுங்க, அவ தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றான்.

"கேக்கலையே சாமி" என்றேன்.

என் பக்கத்தில் நின்ற சின்னக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு காளியண்ணனிடம், "எனக்குக் கேட்டுச்சுங்க. நாந்தான் நிறுத்தலை" என்று சொல்லிவிட்டு, அங்கே நின்ற போலீஸ்காரரிடம் அவனாகப் போனான். நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று முழுவதும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன், அப்போதும் திறக்கவில்லை. அவனுக்கு முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எனக்குக் கேட்டது. மூன்று தடவையும் கேட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்டவன் அவன், வேண்டாம் என்றவள் நான். இதைக் காளியண்ணனுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். என்னை விட்டால் நானே மலையேறிப் போய்ச் சொல்லுகிறேன்.

ரைட்டர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்ன நிஜம் இது என்று ஒப்புக்கொண்டு வைத்தது,

குழந்தையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.