கை போன இடம்

ஓக்லஹோமாவின் மேற்குப் பகுதியில், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு நகரத்துத் துப்பாக்கிக் கடையில் கல்லாவில் இருந்த லொரெட்டா ஹைன்ஸ் என்பவரிடம் 2016 அக்டோபரில் கேட்டது. அதே கடையில் துப்பாக்கியை இடுப்பில் செருகி வைக்கும் உறையைப் பொருத்தித் தரும் நெட்ரா என்பவர், வாங்க வந்த ஒரு பெண்ணிடம் பேசியதை, லொரெட்டா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். வந்தவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டதற்கு, அது கல்லா வரை கேட்கவில்லை என்றார்.

*

இல்லம்மா, குத்துதுன்னு மட்டும் சொன்னா போதாது. எப்பக் குத்துதுன்னு சொல்லணும். குனியும்போதா, நடக்கும்போதா? வண்டி ஓட்டும்போதா. சரி. அவரு ஏன் வரல? ம்... வரமாட்டாங்க. துப்பாக்கிய எடுத்துப் பாக்கணும்னா பொழுதுக்கும் இங்கயே நிப்பாங்க. உறைய மாட்டிப் பாக்கணும்னா தொப்பையப் பத்திப் பேச வேண்டி வருமே, அதுக்குப் பொண்டாட்டிய அனுப்பிடுவாங்க.

உக்காருங்க, அந்த ஸ்டூல இழுத்துக்குங்க. உங்க ஊர்லயே கடை இருக்கில்ல? ஓ, இங்க நெறைய தினுசு கெடைக்குதுன்னு வந்தீங்களா. இருக்கட்டும் இருக்கட்டும்.

மொதல்ல பெல்ட்டு. பாதி வலி உறையால வராது, பெல்ட்டால வரும். சாதா பெல்ட்டு தொவண்டு போயிடும். துப்பாக்கி கனம் அத ஒரு பக்கமா இழுக்க, மனுஷன் நாள் முழுக்க பேண்ட்ட மேல ஏத்திக்கிட்டே இருப்பாரு. மறைச்சு வெச்சிருக்கான்னு எதிர்ல வர்றவனுக்கு அதுவே காட்டிக் குடுத்துரும். இந்தாங்க, இத மடிச்சுப் பாருங்க. மடியல இல்ல? உள்ள தகடு வெச்சுத் தெச்சிருக்கு. அப்புறம் பேண்ட்டு. உள்பக்கமா சொருகறவங்க இடுப்பளவு ரெண்டு இஞ்சு கூட வாங்கணும். சொன்னா யாரு கேக்கறா? கல்யாணத்தன்னிக்கு என்ன அளவோ அதேதான்னு சாதிப்பாங்க.

பழைய உறை டப்பா உங்க வீட்டுலயும் இருக்குமே. எல்லா வீட்டுலயும் இருக்கு. ஆசையா வாங்கறது, ரெண்டு வாரம் மாட்டறது, சரிப்படலன்னு அதுல தூக்கிப் போடறது. எங்க வீட்டுல அப்படி ரெண்டு டப்பா. மனுஷங்களுக்கும் ஒரு டப்பா வெச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

இப்ப மாட்டறத கையோட கொண்டாந்துட்டீங்களா? குடுங்க.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. இந்த நீல ஸ்பாஞ்சு யாரு ஒட்டினது? தெரியாதா. நீங்க வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சா. நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க, ஓரத்தச் சீவி.

கடியாரக் கணக்குல சொல்லுங்க, எங்க வெக்கறாரு? தொப்புள் பன்னெண்டு மணி, வலது இடுப்பெலும்பு மூணு. ஓ, இத்தன நாளா ஒரு மணில இருந்துச்சு, இப்பப் பின்னாடி நாலு மணிக்குக் கொண்டுபோயிட்டாரு. எப்ப? முந்தாநேத்தா. தானாவேவா? தொப்பைல அழுத்துதுன்னாரா. வயசாச்சுல்ல, அழுத்தும்.

அப்பக் கோளாறு இதுதான். இந்த ஸ்பாஞ்சு முன்பக்கம் வெக்கறதுக்குன்னு ஒட்டினது. உறையோட அடிய இது வெளிய தள்ளும், மேல பிடி வயித்தோட ஒட்டிக்கும், சட்டைல முட்டாது. இதையே பின்னாடி கொண்டுபோனா, சீட்டுல சாயறப்ப முதுகுல குத்தாம என்ன பண்ணும்? பிச்சு எடுத்துடறேன். இந்தத் திருகு ரெண்டையும் தளத்தி, பிடி முன்னால சாயற மாதிரி வெச்சா சட்டை தூக்கிக்காது. விசைய மட்டும் உறை முழுசா மூடியிருக்கணும். சொகமா இருக்குன்னு மெத்துமெத்துன்னு துணி உறை எதையாவது வாங்கிடாதீங்க.

எங்க வீட்டுல இது தலைகீழா நடந்துச்சு. முன்னாள் வீட்டுக்காரருன்னு சொல்லணுமோ? அந்தாளு பல வருஷமா நாலு மணிலதான் வெச்சிருந்தாரு. அப்படி வெச்சிருக்கறவங்கள எப்படிக் கட்டிப் பிடிக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, ஆனா சர்ச்சுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். வாசல்ல கட்டிக்கும்போது கை தோளுக்கு மேல போகும், கீழ போகாது. பொண்டாட்டி நானும் அப்படித்தான். அந்த இடுப்புல நான் கைய வெச்சதெல்லாம் ராத்திரி அது மேசை மேல இருக்கறப்ப மட்டுந்தான்.

அப்புறம் முதுகு வலி வந்துச்சு. ஒரு சனிக்கிழம சாயந்திரம் கண்ணாடி முன்னால நிக்க வெச்சு, நான்தான் முன்னாடி மாத்தி விட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ஏத்தி, எறக்கி, சாச்சு, உக்காந்து எழுந்திருன்னு. கடைசில, தோட்டத்துல களை பிடுங்கறப்ப முட்டிக்கு அடில போட்டுக்குவேனே, அந்த ஸ்பாஞ்சுப் பட்டையில ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். சட்டைய எறக்கி விட்டா ஒண்ணுமே தெரியல. எனக்கே பெருமையாப் போச்சு. வண்டில உக்காந்து ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்னு சாவிய எடுத்துட்டுப் போனாரு. சோளரொட்டி ஆறிப்போய், மறுபடி சூடு பண்ணி, அதுவும் ஆறிப்போச்சு. வந்து சொன்னாரு, நெட்ரா, குத்தவே இல்ல, இடுப்புல இருக்கறதே மறந்துபோச்சுன்னு.

மறுநாள் சர்ச் வாசல்ல வழக்கம்போல எல்லாரும் கைய மேல போட்டு வயித்தால மோதறாங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் ஹாய்ட், டொக்குன்னு இடிச்சுக்கிட்டு, என்னப்பா, இனிமே புள்ளகுட்டி வேணாம்னு முடிவு பண்ணிட்டியா, அதுக்கு நேரா வெச்சிருக்கேன்னு சிரிக்கறாரு. பாதிரியாரும் இடிச்சுக்கிட்டாரு. அவரு பொண்டாட்டியும்.

அப்புறம் ஒருத்தி வந்தா. அவ கை தோளுக்குப் போகல. நேரா முதுகுல கீழ போச்சு, மொத நாள் வரைக்கும் துப்பாக்கி இருந்த அதே எடத்துக்கு. உள்ளங்கையப் பரப்பி வெச்சா. வயித்த மட்டும் ஒரு சாண் தள்ளியே வெச்சுக்கிட்டா. தடுமாறல, யோசிக்கல. எது எங்க இருக்குன்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

நான் மாத்தி விட்டு ஒரு நாள் ஆகல. எனக்குத் தெரியும், அந்தாளுக்குத் தெரியும். மூணாவதா ஒரு ஆளுக்குத் தெரியணும்னா அந்தச் சாயந்திரம் வண்டி எங்கயோ போய் நின்னிருக்கணும்.

நான் ஃபோன நோண்டினேன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்களாம். பாதிரியார் பொண்டாட்டி போட்டுக் குடுத்தாங்கன்னும் ஒரு பேச்சு. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்.

யாரும் சொல்லல, டார்லா. உன் கைதான் சொல்லுச்சு.

உக்காரு. மூஞ்சி அடையாளம் தெரியல, நான் ஒட்டின ஸ்பாஞ்சப் பாத்துத்தான் நீ யாருன்னு தெரிஞ்சுது. என் பேரு அட்டையப் படிச்சப்பவே எழுந்து போயிருக்கலாம், நீ போகல. பெல்ட்டு வாங்கவா அம்பது மைல் ஓட்டிட்டு வந்தே? எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்க வந்தே. இப்பத் தெரிஞ்சுதில்ல.

முந்தாநேத்து மாத்தினத அவனா வந்து உன்கிட்டச் சொன்னானா, இல்ல நீயா முதுகுல கைய வெச்சு இடிச்சுக்கிட்டியா? ம், இடிச்சுக்கிட்டுத்தான். நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம வாசல்ல நில்லு. அவன் மூஞ்சியப் பாக்காத, அதுல ஒண்ணும் இருக்காது. வர்றவங்க கையப் பாரு. முன்னாடிதான் இருக்குன்னு நெனச்சு எல்லாரும் முதுகத் தட்டப்போய் இடிச்சுக்குவாங்க. இடிக்காம தோளுக்கு மேல போற கை ஏதாவது இருந்தா, அது யாருதுன்னு பாத்துக்க. அவ்வளவுதான். கத்த வேணாம், நான் கத்திப் பாத்துட்டேன்.

பெல்ட்டு நாப்பது இஞ்சு எடுத்துட்டுப் போ. முப்பத்தெட்டுன்னுதான் சொல்லுவான். பணத்த அங்க லொரெட்டாகிட்டக் குடுத்துடு.

இந்த நீலத் துண்டு இங்கயே இருக்கட்டும்.

*

லொரெட்டா சொல்வதில் கதை இங்கேயே நின்றுவிடுகிறது. கடை உரிமையாளர் சொல்வதில், அடுத்த செவ்வாயன்று பெல்ட் பிரிக்கப்படாமல் தபாலில் திரும்பி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. டார்லாவின் ஊர் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இதை வேறு விதமாக முடிக்கிறார்கள். அந்த ஞாயிறு வந்தவர்கள் எல்லோருமே இடித்துக்கொண்டார்கள் என்றும், தோளுக்கு மேல் ஒரு கையும் போகவில்லை என்றும் சொல்கிறார்கள். ஆனாலும் டார்லா அடுத்த ஞாயிறும் வாசலில் நின்று கைகளைப் பார்த்தார்; அதற்கடுத்த ஞாயிறும். பனிக்காலம் முடியுமுன் அவர் கணவர் வெர்லன் யாரையும் கட்டிப்பிடிப்பதை விட்டுவிட்டாராம். கைகுலுக்குவதோடு சரி, அதுவும் கையை நன்றாக நீட்டி, தள்ளி நின்று.