மறுப்பறியாதவர் சொன்ன மறுப்பு

சிங்காநல்லூர் பங்காரம்மா கிரைண்டர்ஸ் நிறுவனத்தின் விற்பனை மேலாளராக விளங்கி, பணி நிறைவு பெறும் பெருந்தகை திரு. வெங்கடபதி அவர்களுக்கு, அதிர்ச்சி இன்னும் அடங்காத அலுவலர்களும் தொழிலாளர்களும் அன்பால் அளிக்கும் மடல்.

இன்முகத்தின் இருப்பிடமே! இரைந்து கொண்டு வந்த வாடிக்கையாளரையும் சிரித்துக் கொண்டு திரும்ப வைத்த இனியவரே! சூலூர் முதல் வால்பாறை வரை எந்தக் கடைக்காரர் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது பரீட்சை என்பதைக்கூட மறவாமல் விசாரித்த பண்பாளரே!

இதற்கு அடுத்தபடியாக, ‘மறுப்பறியாத மாமனிதரே!’ என்றொரு வரி இருந்தது, ஐயா. அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டுத்துணியால் மூடியும் வைத்துவிட்டோம். தாங்களோ நேற்று மதியம், பணியின் கடைசி நாளில், அந்த வரியைப் பொய்யாக்கிவிட்டீர்கள்! சட்டத்தைக் கழற்றி மடலைத் திரும்ப எழுதும்படி ஆயிற்று. ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னவர், தங்கள் மறுப்பை நேருக்கு நேர் வாங்கிக்கொண்ட நம் முதலாளி ரங்கராஜ் அவர்களேதான். அவர் மனம்விட்டுச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

செம்பு விலை ஏறியதிலிருந்தே ரங்கராஜுக்கு நிம்மதியில்லை. கிரைண்டர் மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக மலிவான அலுமினியக் கம்பி சுற்றினால்தான் இந்தத் தீபாவளியைத் தாண்ட முடியும் என்று நினைத்தார். அது சீக்கிரம் கருகும்; ஆனாலும் சொல்லி, குறைந்த விலைக்கு விற்றால் தப்பில்லை. பெட்டியின் மேல் ‘காப்பர் வைண்டிங்’ என்ற ஸ்டிக்கரை அப்படியே ஒட்டச் சொன்னாரே, தப்பு அங்கேதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். இந்த ஒரு தீபாவளிக்கு மட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆர்டர் வராவிட்டால் எங்கள் போனஸுக்கு வழியில்லை என்ற கவலையும் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

ஆர்டர் வரவோ அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. தங்கள் குரலைக் கேட்டாலே கடைக்காரர்கள் என்ன சரக்கு என்றுகூடக் கேட்பதில்லை. விடைபெறும் சாக்கில் எல்லோருக்கும் போன் போட்டு, அப்படியே புதுச் சரக்குக்கும் ஆர்டர் வாங்கித் தரும்படி கேட்டார். தங்களிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே சுற்றியிருப்பது என்னவென்று சொல்லிவிட்டே கேட்டார்.

“நாங் கேட்டு நீங்க ஒருநாளும் இல்லைன்னதில்லீங்ணா. இந்த ஒருக்கா எனக்காகப் பேசிப்போடுங்க.”

தாங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம், ஐயா. இத்தனை ஆண்டுகளில் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததேயில்லை.

விற்பனைப் பிரிவு நவ்யா வால்பாறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தாங்கள் விடைபெறுவதைக் கேட்கவென்று, கையில் மைசூர்பாகோடு எல்லோரும் சுற்றி நின்றோம். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கும் மாசாணியம்மாள் எடுத்தார்.

“ஏனுங்க அம்மணி, சாப்டாச்சுங்களா? மழை எப்படீங்க?”

“பேஞ்சுட்டேதான் இருக்குதுங்ணா. இன்னையோட உங்க வேலை முடியுதாமா? கேட்டதுலருந்து மனசே செரியில்லீங்ணா. தீவாளிக்குப் போன வருசத்தாட்டவே ஒரு லோடு அனுப்பிப்போடுங்க. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்.”

ரங்கராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குறித்துக்கொள்ளச் சொல்லி நவ்யாவுக்குக் கை காட்டினார்.

“வேண்டாமுங்க அம்மணி. இந்தச் சரக்க எடுக்காதீங்க. பெட்டி மேல காப்பர்னு இருக்குமுங்க. உள்ள சுத்தியிருக்கறது அலுமினியம்.”

ஐயகோ! சாப்பிட்டாச்சா என்று கேட்ட அதே குரல்! அதே கனிவு! தாங்கள் கத்தியிருந்தால்கூட நாங்கள் தாங்கியிருப்போம். எங்களில் ஒருவர் கையிலிருந்த மைசூர்பாகு தரையில் விழுந்து உடைந்தது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. போனஸ் போச்சு என்று நாங்கள் நினைத்தது உண்மை. தன் வீட்டு ஆள் போலிருந்தவர் கடைசி நாளில் காலை வாரிவிட்டாரே என்று ரங்கராஜ் கொதித்தார். வழியனுப்பு விழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முடிவுகட்டிப் போனைத் துண்டிக்கக் கையை நீட்டினார். அதற்குள் மாசாணியம்மாள் பேசிவிட்டார்.

“எஸ்டேட் லயன் வீட்டுல இருக்கற தேயிலைக் கூலிச் சனங்க எம்மொகத்தப் பாத்துத்தாங்ணா தவணைக்கு வாங்கறாங்க. நா உங்க மொகத்தப் பாத்து வாங்கறேன். இத்தன கொண்டையூசி வளைவத் தாண்டி ரிப்பேருக்கு யாரு கொண்டாருவா? நீங்க சொல்லிப்போட்டீங்க. நாளைக்கு நீங்க இல்லீன்னா, இதையெல்லாம் எனக்கு யாருங்ணா சொல்லுவாங்க?”

தாங்கள் திரும்பி ரங்கராஜைப் பார்த்தீர்கள். கோபமில்லை, குத்தலில்லை, அவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்கள். அந்தப் பார்வையில் தான் கூசிப்போனதாக அவரே எங்களிடம் சொன்னார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, போன் பக்கம் குனிந்தார்.

“ரங்கராஜ் பேசறேனுங்க. அண்ணன் சொன்னது நெசந்தானுங்க. இனிமே நாஞ் சொல்றேனுங்க.”

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று மட்டும் சொல்லி மாசாணியம்மாள் வைத்துவிட்டார். அடுத்தடுத்த கடைகளுக்கெல்லாம் முதலாளியே பேசினார். அங்கேயும் ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெட்டிகளிலிருந்து ஸ்டிக்கர்களைச் சுரண்டத் தொடங்கினோம். இந்த மடலை ஏந்தியிருக்கும் விரல்களில் இன்னும் பசை போகவில்லை. இன்று காலை வால்பாறையிலிருந்து போன் வந்தது. முதலாளியே எடுத்தார். “அலுமினியம்னே எழுதி, அதுக்குண்டான வெலைக்கு அஞ்சு பெட்டி மட்டும் அனுப்புங்க. இனிமே உங்க மொகத்தத்தானுங்க நான் பாக்கோணும்” என்றார் மாசாணியம்மாள். ஒரு லோடு எங்கே, அஞ்சு பெட்டி எங்கே! ஆனாலும் ரங்கராஜ் அந்த அஞ்சு பெட்டியையும் தன் கையாலேயே கட்டி லாரியில் ஏற்றினார்.

இனிமைக்கு இலக்கணமானவரே! அந்த இனிமைக்குள் இப்படியோர் உறுதி இருந்ததை எங்களுக்குக் கடைசி நாளில்தானா காட்ட வேண்டும்? தாங்கள் நோய்நொடி அறியாமல், பேரன் பேத்திகளோடு பெருமகிழ்வாய் நெடுங்காலம் வாழ வேண்டும். இந்தப் போனஸ் என்னாகுமோ, எங்களுக்குத் தெரியாது. தங்கள் மேல் வருத்தம் மட்டும் இல்லை.

நாளை காலை தங்கள் மேசையில் அந்தப் போன் அடிக்கும். ரங்கராஜ் எடுப்பார். உள்ளே சுற்றியிருப்பது என்னவென்றுதான் முதலில் சொல்வார். நாங்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.

இங்ஙனம்,
ரங்கராஜ்,
அவரைத் தொடர்ந்து, பசைக் கையோடு ஒப்பமிடும் பங்காரம்மா கிரைண்டர்ஸ் அலுவலர்கள், தொழிலாளர்கள்
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்