தண்ணீர் குடித்த பேரிங்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆசிரியர் ராஜசேகரன் அவர்களே, மேடையிலுள்ள சங்கத்துப் பெரியோர்களே, சிகாமட் நகரிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வெள்ளச் சேற்றை மிதித்து வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் என் தங்கை வெள்ளையம்மாவே!

இயந்திர வித்தகர், டிரெய்லர் பிட்டர் ஐயாசாமி அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்று பன்னிரண்டு நாள். சங்கத் தலைவன் என்ற முறையில் நான்தான் முதலில் பேச வேண்டுமாம். "ஜெய்னுலாபுதீன் ராவுத்தர் அழகாகப் பேசுவார்" என்றார் காரியதரிசி. அழகாகப் பேசுகிற நேரமா இது! எழுதி வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்களுக்கு இந்த வட்டாரத்தில் ஐயாசாமியைப் போல் வைத்தியம் பார்த்தவர் உண்டா? அச்சைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். விரிசல் இருக்கும் இடத்தில் விரலை வைப்பார். பாரத்தைத் தாங்கும் வில்பட்டை ஒரு பக்கம் முறிந்தால் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்வார். "ஒத்தப் பக்கம் புதுசு போட்டா வண்டி நொண்டும் முதலாளி" என்று என்னோடு மல்லுக்கு நிற்பார். சக்கரக் குடத்துக்குள் சுழலும் பேரிங் வாங்கப் போனால் கண்ணளவில் எடுக்கவே மாட்டார். பழைய வளையத்தைத் துடைத்து, அதில் வெட்டியிருக்கும் நம்பரைப் படித்து, அதே நம்பருக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவார். சீனக் கடை முதலாளி தவுக்கே, "ரெண்டும் சாமா சாமா, ஒண்ணுதான்" என்று சிரிப்பார். "சாமா இல்ல தவுக்கே, ஒரு நூல் கூட இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

அவருடைய பட்டறைச் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? பலகை முழுக்க ஆணி. இனி உதவாது என்று தள்ளிய சாமானையெல்லாம் அதில் மாட்டி, கீழே சுண்ணக்கட்டியால் காரணம் எழுதி வைப்பார். "தேய்ந்தது." "விரிசல்." "எண்ணெய் இல்லாமல் வெந்தது." இந்தக் குப்பையை ஏனப்பா மாட்டி வைக்கிறாய் என்று கேலி செய்திருக்கிறேன். "மூலையில போட்டா அவசரத்துல எவனாச்சும் எடுத்து மாட்டிருவான் முதலாளி. ஆணியில தொங்கினா எடுக்கக் கை கூசும்" என்றார்.

அந்தச் சுவரிலிருந்து இத்தனை வருஷத்தில் யாராவது ஒரு திருகாணியையாவது எடுத்ததுண்டா? உண்டு, சபையோரே. நான் எடுத்தேன்.

ஆறு கரை மீறியபோது என் டிரெய்லர் மூன்று நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த காலையில் ஐயாசாமி இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். குடத்துக்குள் கிரீஸ் கஞ்சியாகக் கரைந்திருந்தது. இரண்டு பேரிங்கும் துருவேறிப் பொரிந்திருந்தன. கைவசம் புதியது ஒன்றுதான். அதை இடது சக்கரத்துக்குப் போட்டார். வலது சக்கரத்துப் பழையதை ஆணியில் மாட்டி, கீழே எழுதினார்: "தண்ணீர் குடித்தது." ஜொகூர் பாருவிலிருந்து சாயங்கால ரயிலில் புதியது வருகிறது, வந்ததும் போட்டுத் தருகிறேன் என்றார்.

வெள்ளம் சூழ்ந்த தோட்டத்துக்கு நம் சங்கத்து நிவாரண அரிசியை அந்த டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோட்டத்துல சனங்க பட்டினி கெடக்குது. நீ பேரிங்குக்குக் காத்துக்கிட்டு நிக்கிறியா? உனக்கு மனசாட்சி இருக்காப்பா?"

மனசாட்சி! யார் யாரைக் கேட்பது! அந்தத் தோட்டத்தில் மறுநாள் வரைக்கும் அரிசி இருந்தது. அல்லாஹ் அறிய, எனக்கு அது தெரியும். பத்து பாகாட் ஊர்ச் சங்கத்தாரின் லாரி மத்தியானம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களுக்கு முன்னால் நம் சங்கத்துக் கொடி போய்ச் சேர வேண்டும், மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்! படக்காரரைக்கூடக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

ஆணியிலிருந்து அந்தப் பேரிங்கை எடுத்து அவர் கையில் திணித்தேன். "அலமாக்! அதத் தொடாதீங்க முதலாளி" என்றார். ஆனால் பட்டினி என்ற சொல் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. கழுவினார், கிரீஸ் வைத்தார், மாட்டினார். "மெதுவா போகணும். நான் டிரெய்லர்லயே உக்காந்துக்கிறேன். குடம் சூடேறுச்சுன்னா தகரத்தத் தட்டுவேன், நிறுத்திடணும்" என்றார்.

தட்டினார், தோழர்களே! ஒன்பதாம் மைல்கட்டை தாண்டியதும் தட்டினார். டிரைவர் சுப்ஹான் பிரேக்கில் காலை வைத்தான். "தட்டுறாரு முதலாளி" என்றான். "இன்னும் ஒரு கட்டைதான், போ" என்றேன். மறுபடியும் தட்டினார். போ என்றேன். அடுத்த இறக்கத்தில் வலது சக்கரம் கழன்று ஓடியது, டிரெய்லர் கவிழ்ந்தது. அரிசி மூட்டைகளுக்கு அடியிலிருந்து அவரை எடுத்தோம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் அதைவிடக் கேவலம். "பிட்டர் சரி என்றார், வண்டியை எடுத்தோம்" என்று போலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுப்ஹான் என்னிடம் சம்பளம் வாங்குகிறவன், வாய் திறக்கவில்லை. பிட்டர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று ஊரே பேசியது. அவர் மனைவி வெள்ளையம்மா என் கடைவாசலுக்கு வந்து, "அவரு பாக்காம விடுறவரு இல்லீங்க. நீங்களாச்சும் நாலு பேருகிட்ட சொல்லுங்க" என்று கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "தலையெழுத்து, தங்கச்சி" என்றேன். தலையெழுத்தாம்! இந்த வாய் அழுகிப் போக வேண்டாமா?

கூட்டத் தலைவர் அவர்களே, அச்சடித்த இரங்கல் தீர்மானத்தில் "எதிர்பாராத விபத்து" என்று இருக்கிறது. ஐயாசாமி எதிர்பார்த்தார். வாயால் சொன்னார், சுண்ணக்கட்டியால் எழுதினார், தகரத்தைத் தட்டினார். அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நாளைக் காலை சுப்ஹானோடு ஸ்டேஷனுக்குப் போய் என் வாக்குமூலத்தை மாற்றி எழுதுகிறேன். சர்க்கார் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். இனிமேல் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் போகலாம் என்று சொல்லாமல் நம் சங்கத்து வண்டி எதுவும் வாசலைத் தாண்டாது. இது என் உறுதி.

தங்கச்சி, உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

இதோ, இந்தத் துணிக்குள் இருப்பது அந்தப் பேரிங்தான். வெந்து நீலம் பாய்ந்து இறுகிவிட்டது. சேற்றில் தேடி எடுத்தேன், யார் கண்ணிலும் படாமல் ஒளிப்பதற்காக. கூட்டம் கலைந்ததும் எல்லோரும் என்னோடு பட்டறைக்கு வாருங்கள். அந்த ஆணி காலியாகத்தான் இருக்கிறது. அவர் எழுதியது இன்னும் அழியவில்லை. இதைத் திரும்ப அதிலேயே மாட்டிவிட்டு, அவர் எழுத்துக்குக் கீழே நானும் ஒரு வரி எழுதப்போகிறேன்: "எடுத்தவன், ஜெய்னுலாபுதீன்."