மூளையில் சேர்ந்த செம்பு

பிள்ளைகளே, மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது, என் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது.

“எம்பொண்ணு மூளையில செம்பு சேந்துருச்சுங்கக்கா.”

“என்ன அம்மிணி சொல்ற? செம்புக் கொடத்துத் தண்ணி குடிச்சா?”

“இல்லீங்க. சோத்தோட எல்லாருக்கும் கொஞ்சம் செம்பு உள்ள போகுதாம். மிச்சத்தை ஈரல் வெளிய தள்ளிருமாம். இவளுக்கு ஈரல் தள்ளாம, அது மூளைக்கே ஏறிருச்சு.”

“அதுக்கு மாத்திரை ஒண்ணும் குடுக்கலியா?”

“குடுத்தாங்க. கை நடுக்கம் நின்னுது. காச்சல் மாத்திரையாட்டம், நல்லானதும் போதும்னு நிறுத்திட்டேன். மாசாமாசம் மலையெறங்கி வாங்கோணுமுங்களே. இப்ப பேச்சே கொழறுது.”

“எத்தன நாளைக்குத் திங்கோணும்னு டாக்டர் சொல்லலியா?”

“ஆயுசுக்கும்னு சொன்னாருங்க. அவளும் தெனம் ‘மாத்திரை குடும்மா’ன்னு கை நீட்டினா. உனக்குத்தான் நல்லாயிருச்சே கண்ணு, வேண்டாம்னுட்டேன்.”