நம்பி ஓட்டக்கூடிய கார்

“இல்ல சேர், நான் சீனி போடாமத்தான் குடிப்பேன்.”

இன்ஸ்பெக்டர் பளீல் சீனிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். காலையிலிருந்து அவர் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். கண்டியில் கைவேலை தெரிந்தவனை ‘பாஸ்’ என்பார்கள். கைது செய்த பிறகும் அவருக்கு நான் முத்துலிங்கம் பாஸ்தான். வாக்குமூலம் கொடுக்க இதைவிட நல்ல மனிதர் எனக்குக் கிடைக்கமாட்டார்.

விட்ட இடம், கார்.

கடை வைத்திருந்த கறுப்பையா முதலாளி அதை வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் பின் கொட்டகையிலிருந்து வாங்கி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. ஐம்பத்தெட்டில் கப்பலில் வந்தது. வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குத் திரும்பியபோது நாயைக்கூடக் கூட்டிப்போனாராம், இதை விட்டுவிட்டார். பிறகு கோழிகள்தான் அதில் ஏறி இறங்கின. ஓட்டுபவர் இருக்கையில் நான் முதலில் கண்டெடுத்தவை ஏழு முட்டைகள்.

“பாஸ், பார்வைக்கு நிப்பாட்டி வைக்கிற கார் எனக்கு வேணாம்,” என்றார் முதலாளி. “சாவியத் திருப்புனா கெளம்பணும். குருநாகலுக்குப் போனா அதுலயே திரும்பி வரணும். நம்பி ஓட்டணும்.”

நான் அந்தப் பேச்சை நம்பினேன். என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

நான்கு வருடம். எலி தின்ற வயர்களை எல்லாம் உருவிப் புதிதாக இழுத்தேன். நம் மலை ஏற்றங்களில் கொதிக்காமல் இருக்க ரேடியேட்டரைப் பெரிதாக்கினேன். ஜப்பான் எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போட்டால் ஒரு வாரத்தில் வேலை முடியும் என்று பட்டறைக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன், போடவில்லை. கடைசியில் ஐப்பசி மழையில், ஒரே திருப்பலில், பூனை சோம்பல் முறிப்பதுபோல அது கிளம்பியது.

இரண்டு வருடம் முதலாளி ஒவ்வொரு ஞாயிறும் திகனவுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒருநாள்கூடக் கார் வழியில் நிற்கவில்லை. நான் செய்த பெரிய பிழை அதுதான். வழியில் நிற்கும் காரைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசலாம். நிற்காத காரைப் பற்றி என்ன பேசுவது? அவருக்கு அலுத்துவிட்டது.

“நீர்கொழும்புல ஒரு ஹோட்டல்காரன் கேக்குறான் பாஸ்,” என்றார் போன மாதம். “வாசல் மண்டபத்துல வைக்கப் போறானாம். கல்யாண ஜோடி ஏறி உக்காந்து போட்டோ எடுக்கும். எஞ்சினக் கழட்டிருவானாம், பாரத்துக்கு டைல்ஸ் வெடிக்குமாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஒரு வகைல நல்லதுதானே, எண்ணெய் ஒழுகாது,” என்று சிரித்தார்.

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துத் தருவதாகச் சொல்லிப் பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

பார்த்தும் கொடுத்தேன்.

முதலாளி காரை நீர்கொழும்புக்குக் கொண்டுபோகப் புறப்பட்ட காலையில் அவர் மனைவி நல்லம்மா அக்கா நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நான்கு சக்கரத்தின் கீழும் வைத்தார். சூடம் காட்டினார். முதலாளி கும்பிட்டு ஏறினார். சக்கரங்கள் பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. வாசலில் முன் இடது சக்கரம் நின்றிருந்த இடத்தில் ஈரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

“என்ன பாஸ், இந்தப் பக்கம் மட்டும் இம்புட்டு ஈரம்?”

“நல்ல சாறுள்ள பழம் அக்கா.”

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தெருவில் இறங்கிக்கொண்டிருந்த காரை நோக்கிக் கையைத் தூக்கினார். வாயும் திறந்துவிட்டது. நான்தான் தடுத்தேன். “பொறப்பட்டவரப் பின்னால இருந்து கூப்பிடலாமா அக்கா?” என்றேன்.

சேர் புரிந்துகொள்ள வேண்டும், முதலாளி இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு. ஒருமுறை கடையிலிருந்து இறங்கியவரை மைத்துனர் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டார். முதலாளி திரும்பி வந்து, கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மைத்துனரின் பரம்பரையை முழுவதும் ஏசி முடித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் புறப்பட்டார். மைத்துனர் கூப்பிட்டது அவர் குடையை மறந்ததற்காக. இரண்டாம் முறையும் குடையில்லாமலே போனார். கூப்பிட யாருக்கும் துணிவு வரவில்லை. அப்படிப்பட்டவரின் நம்பிக்கையை நான் மதித்தேன். அக்காவும் மதித்தார். கையை இறக்கிக்கொண்டார்.

“அந்தப் பொம்புள நேத்து ஒரு விசயம் செல்லி அழுதாங்க பாஸ்,” என்றார் பளீல். “அவசரத்துல கடையில கெடச்ச பழமாம். நாலும் காஞ்ச பழமாம். பிழிஞ்சா ஒரு சொட்டு வராதாம். காஞ்ச பழம் வெச்சதாலதான் புருசனுக்கு இப்பிடி ஆகிட்டு எண்டு தலையில அடிச்சிக்கிறாங்க.”

பழங்களை நான் கவனித்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஈரம், பிரேக்கிலிருந்து கசிந்த எண்ணெய். பழைய காரின் பிரேக்கில் மெல்லிய ரப்பர் வளையங்கள் இருக்கும். பிரேக் எண்ணெய்க்குப் பதில் எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் ஊறின ரொட்டி மாதிரி ஆகிவிடும். அதற்குப் பத்து நாள் போதும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் யாராலும் வேகமாகப் போக முடியாது. முழுவதும் கசிந்து முடிய கலகெதரச் சரிவு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தது.

“ஹேண்ட் பிரேக் ஈக்குமே?”

“சுத்தம் பண்ணக் கழட்டுனேன் சேர்.”

“திரும்ப மாட்டல்லயா?”

“நேரம் கெடைக்கல.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னை அவசரப் புத்திக்காரன் என்று அவர் நினைத்துவிடக்கூடாது என்பதால் மீதியையும் சொன்னேன். அவர் புறப்பட்டதற்கு முந்தின வாரம் பஸ்ஸில் போய் அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசி வளைவில் இடது பக்கம் வயல். நல்ல மழை பெய்து சேறு பஞ்சு மெத்தை மாதிரிக் கிடந்தது. நேரே விட்டால் கார் மெதுவாக அதில் போய் அமர்ந்துவிடும். பம்பரில் ஒரு கீறல் விழலாம். சேற்றில் மூழ்கிய காரை எந்த ஹோட்டல்காரன் வாங்குவான்? என் பட்டறைக்குத்தான் திரும்பி வரும்.

“காருக்கு ஒண்டும் ஆகாது. சரி, மனுசனுக்கு?”

“அவருக்குந்தான் சேர்,” என்றேன். அந்தப் பக்கத்தை நான் அவ்வளவாக யோசித்திருக்கவில்லை.

ஆனால் அன்று வயலோரம் ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முதலாளி அவளைப் பார்த்துவிட்டு வலது பக்கம் திருப்பியிருக்கிறார். வலது பக்கம் பாறை. அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலத்தைப் பளீல் எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த ஐயா கையால் விலகு விலகு என்று காட்டிக்கொண்டே போனாராம். சாமி மாதிரி மனிதராம். இருக்கலாம். ஓட்டத் தெரிந்தவர் என்று சொல்லமாட்டேன். ஆடுகள் தாமாகவே விலகும்.

ஆகவே எண்ணெயை மாற்றி ஊற்றியது நான். கைப்பிரேக்கைக் கழற்றியது நான். அக்காவின் கையை இறக்க வைத்ததும் நான். தெரிந்துதான் செய்தேன். முதலாளி இறந்ததற்கு வருந்துகிறேன் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், இப்படிப்பட்ட தாள்களில் அது இருப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான்கு வருடம் பிள்ளைபோல் வளர்த்த ஒன்றைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், யாரையும் கொல்லப் பார்க்கவில்லை. இதைப் பளீல் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொலிஸ் முற்றத்தில், சுவரோரமாக, அதைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் காரின் அடிச்சட்டம் வளையவில்லை, நான் வரும்போதே பார்த்துவிட்டேன். இருக்கையில் ரத்தம் காய்ந்திருந்த இடத்தை மழை கரைத்துக்கொண்டிருந்தது.

“சேர்,” என்றேன், “ஒரே ஒரு உதவி. சீட்டு ரெண்டும் அசல் தோல், தண்ணி பட்டா வெடிச்சிரும். அதுக்கு மேல ஒரு தறப்பாள் போடச் சொல்றீங்களா?”