வெள்ளைச் சட்டைக் கூட்டத்துல ஒருத்தன்

…அந்த மரத்தடியில நிக்காதீங்க தம்பி, சொல்லிட்டேன். மேல காக்கா உக்காந்திருக்கு. போன வாரம் என் தோள்ல போட்டுச்சு, துவைச்சுத் துவைச்சுப் பாத்தேன், மஞ்சளா ஒரு தடம் போகவே இல்ல. வெள்ளைச் சட்டைன்னு ஒன்னக் கண்டுபிடிச்சவன் இருக்கானே, அவன் வாழ்நாள்ல சோப்பத் தொட்டிருக்க மாட்டான். காலர்ல வேர்வை, கைமடிப்புல அழுக்கு, டீ குடிச்சா ஒரு சொட்டு சரியா நெஞ்சுல... இந்த ஷூ வேற. ‘போடப் போடத் தளரும் சார்’னான் கடைக்காரன். ஷூ அப்படியே இருக்கு, என் சுண்டுவிரல்தான் தளர்ந்து போச்சு. இப்படி வாங்க, சுவரோரம். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு.

புதுசா நீங்க? மொத நாளா? அதான் பாத்தேன், சட்டை மடிப்பு கூடக் கலையல. எந்த வண்டி? ஓ, அந்தக் கறுப்பா. நல்ல வண்டி. என் வண்டியா... அது அடுத்த தெருவுல நிக்குது. ஏன்னு கேக்காதீங்க. சரி, நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். மத்தவங்க எல்லாம் பழகினவங்க, சொல்ல வாய் வரல. நீங்கதான் புதுசு.

எனக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை தம்பி. சொந்தக் கடை. ஆமா... நான் டிரைவர் இல்ல. என் பொண்ணு இங்கதான் ரெண்டாவது படிக்கிறா. நான் அவளோட அப்பன். ஏன் தம்பி திடீர்னு கையக் கட்டுறீங்க? இறக்குங்க. கழுத்துப் பட்டன் எல்லாம் போட வேண்டாம், நான் அந்த மாதிரி அப்பா இல்ல.

வீட்டுல அவங்களுக்கு ஆஸ்பத்திரியில வேலை, சாயங்காலம் வர முடியாது. பாப்பாவக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. சேத்த அன்னைக்கே சொல்லிட்டாங்க, ‘பெரிய ஸ்கூலுங்க. அந்த கிரீஸ் பேண்ட்டோட போய் நின்னு புள்ளைய தலைகுனிய வச்சுடாதீங்க. மத்த அப்பாமாருங்க எப்படி வர்றாங்கன்னு பாத்து அதே மாதிரி போங்க’ன்னு. நியாயந்தானே? நானும் மெனக்கெட்டு வந்து, எதிர்க்கடையில நின்னு பாத்தேன். வரிசையா வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பளபளன்னு ஷூ. தலைமுடி ஒன்னு கலையல. ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு கார். புள்ளைங்க வந்ததும் பையை வாங்கிக்கிட்டு, கதவத் திறந்து விட்டு, தலை இடிச்சுடாம மேல கை வச்சு... எவ்வளவு பாசமான அப்பாமாருங்கன்னு நெனச்சேன் தம்பி. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நேரா துணிக்கடைக்குப் போயி வாரத்துக்கு வேணுங்கிறத வாங்கிட்டேன்.

மறுநாள் வந்து நின்னேன். யாரும் ஏற இறங்கப் பாக்கல. ஒதுங்கி எடம் விட்டாங்க. அதோ கண்ணாடி போட்ட பெரியவர் நிக்கிறாரே, அவரு டீ வாங்கிக் குடுத்தாரு. பொருந்திட்டோம்டான்னு எனக்கு ஒரே பெருமை. அப்ப ஒருத்தர் வந்தாரு. கசங்குன அரை டவுசர், ரப்பர் செருப்பு, தலை சீவல. குழாய் சரி பண்ண வந்தவருன்னு நெனச்சு, ‘ஆபீஸ் ரூம் அந்தப் பக்கம்’னு கை காட்டினேன். இவங்க அத்தனை பேரும் நிமிர்ந்து நின்னு ‘வணக்கங்கய்யா’ங்கிறாங்க. மில் மொதலாளியாம். இங்க அப்பாமாருங்க எல்லாம் அப்படித்தான் வருவாங்களாம், தூங்கி எழுந்த கோலத்துல. கிரீஸ் பேண்ட்டோட வந்திருந்தா என்னைக் கோடீஸ்வரன்னு நெனச்சிருப்பாங்க.

அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். வாயக் கூடத் திறந்தேன். அதுக்குள்ள பெரியவர் ஆரம்பிச்சுட்டாரு, ‘இந்த அப்பன்களுக்கு அவங்க புள்ள எந்த வகுப்புன்னு கூடத் தெரியாது’ன்னு. எல்லாரும் ஆமா போட, நானும் தலையாட்டிட்டேன். ‘உங்க மொதலாளி எப்படி?’ன்னாரு. என்ன சொல்ல? ‘அத ஏன் கேக்குறீங்க’ன்னு ஒரு பெருமூச்சு விட்டேன். அதோட நிறுத்தினேனா? கஞ்சன்னேன். முன்கோபின்னேன். பொண்டாட்டி பொறந்தநாளக் கூட மறந்துடுவாருன்னேன். எல்லாம் உண்மை தம்பி, அதான் கொடுமை. அன்னையிலேருந்து என்னை நானே திட்டிட்டு நிக்கிறேன், இவங்க எனக்காகப் பரிதாபப்படுறாங்க. பெரியவர் பாவம், எனக்கு வேற நல்ல எடத்துல வேலை பாத்து வச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை போய்ப் பாக்கணுமாம்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்து கார் சாவிய நீட்டி, ‘கொஞ்சம் நகத்தி நிறுத்துங்க’ன்னாங்க. நிறுத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே நிறுத்தினேன். ‘வெரி குட்’ன்னாங்க. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்ல எவன் தம்பி வெரி குட் சொல்றான்? சத்தம் வருதும்பான், சத்தம் நின்னா குளிரலம்பான்...

அதெல்லாம் கெடக்கட்டும். அந்த மொத நாளே மணி அடிச்சு, பாப்பா ‘அப்பா’ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. நல்லவேளை, புள்ளைங்க போட்ட சத்தத்துல யார் காதுலயும் விழல. இவங்க எல்லாம் பக்கத்துல. நான் குனிஞ்சு அவ காதுல, ‘இங்க அப்பான்னு கூப்பிடாதடா கண்ணு’ன்னேன். ஏன்னு கேப்பா, எதையாவது சொல்லி சமாளிப்போம்னு பாத்தா, கேக்கல. ‘சரி’ன்னா. மறுநாள்லேருந்து ‘அண்ணே’. இங்க எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிடுறாங்க. பையக் குடுத்துட்டு முன்னாடி நடப்பா. என் வேன்ல கடை பேரு பெருசா எழுதியிருக்கும், அதான் தெரு தள்ளி ஒளிச்சு வைக்கிறேன். அதுல ஏறி, பின்னாடி பழைய கம்ப்ரசர் பக்கத்துல உக்காந்துக்குவா. நானும் வெளையாட்டுன்னு சிரிச்சேன்.

நேத்து சாப்பிடும்போது, ‘அண்ணே, தண்ணி’ங்கிறா. வீட்டுல அவங்க கரண்டியக் கீழ வச்சுட்டாங்க. ‘அவளுக்கு நீங்க அண்ணன்னா, எனக்கு யாருங்க, புள்ளையா?’ன்னாங்க. முழுக் கதையும் சொன்னேன். சுவரப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாப்பா மட்டும் சிரிக்கல. அம்மாகிட்ட மெதுவா கேக்குறா, ‘என்னைத் தன் பொண்ணுன்னு சொல்லிக்க அப்பாவுக்கு வெக்கமாம்மா?’ன்னு.

...அப்புறம் எங்க சோறு இறங்கும்? அவ தலைகுனியக் கூடாதுன்னுதான் தம்பி இந்த வேஷமே. அவ என்னடான்னா, நான் அவளாலதான் வெக்கப்படுறேன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்காம, எனக்காக அண்ணேன்னு கூப்பிட்டுட்டு இருந்திருக்கா. ஏழு வயசுப் புள்ளைக்கு அந்தக் கஷ்டத்தக் குடுத்துட்டு நான் இங்க டீ குடிச்சுட்டு நின்னிருக்கேன்.

அதான் இன்னைக்குச் சொல்லிடுறதுன்னு வந்தேன். வந்ததுலேருந்து பெரியவர்கிட்ட போறேன், ‘வெயில் அதிகம்’னு சொல்லிட்டுத் திரும்பி வர்றேன்.

அடிச்சுட்டாங்க மணி. அதோ வர்றா பாருங்க, ரெட்டை ஜடையில ஒன்னு அவுந்து போயி... என்னைப் பாத்துட்டா. பைய இப்பவே கழட்டுறா பாருங்க, என் கையில குடுக்க... பாப்பா! பாப்பா, அப்பா இங்க இருக்கேன்!

பாத்தீங்களா, எல்லாரும் திரும்புறாங்க. எந்த மொதலாளி வந்துட்டாருன்னு தேடுறாங்க. பெரியவர் சிகரெட்ட மிதிச்சு அணைக்கிறாரு, பாவம். அண்ணே, தேடாதீங்க. நான்தான். கஞ்சன், முன்கோபி எல்லாம் நான்தான். வெள்ளிக்கிழமை நான் வரலன்னு சொல்லிடுங்க. இருங்க, அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க, புள்ள வந்துட்டா.

என்னம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லு... வேலை போயிடுச்சான்னு கேக்குறியா? ஆமாடா கண்ணு, டிரைவர் வேலை போயிடுச்சு. பழைய வேலையில என்னைத் திரும்ப எடுத்துக்குறியா?

...யோசிச்சு சொல்றாளாம், தம்பி.