மேல்தளத்தில் தேங்கிய தண்ணீர்

— அந்தப் பெட்டியைக் கீழ வை. இன்னைக்கு நீ எங்கயும் போகல.

— பாப்பாவை உங்ககிட்ட விட்டுட்டுப் போகலாம்னு வந்தா, வாசப்படியிலயே ஆரம்பிச்சுட்டீங்களாப்பா? அம்மா போட்டுக் குடுத்துட்டாங்களா?

— அவ சொல்லாம இருந்திருந்தா நீயா சொல்லியிருப்பியா?

— வேலையை முடிச்சுட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். திட்டையும் அப்ப சேர்த்து வாங்கிக்கலாம்னுதான்.

— சிரிக்காத. ஆபீஸ்ல மரியாதையா உக்காந்து கணக்கு எழுதறவ, ஞாயித்துக்கிழமை ஆனா இந்தப் பறக்கற கேமராத் தும்பியைத் தூக்கிட்டு ஊரான் வீட்டு மொட்டைமாடியை எட்டிப் பாக்கக் கெளம்பிடற. நேத்து பேப்பர்கடைக்காரன் கேக்கறான், 'உங்க பொண்ணு இப்ப பட்டம் விடுதாமே'ன்னு.

— பட்டம் விட்டா எவனும் காசு தர மாட்டான்னு அவர்கிட்ட சொல்லுங்க. இதுக்குத் தர்றாங்க. மனை விக்கற தரகருக்கு மேல இருந்து ஒரு படம், அப்பப்ப ஒரு கல்யாணம், ஒழுகற கூரைங்க. ஆபீஸ் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரியாப் போயிடுது. நாங்க கொஞ்சம் மூச்சு விடறது இந்தத் தும்பியாலதான்.

— கல்யாணத்துல படம் எடுத்த, பொறுத்துக்கிட்டேன். தரகன் கூட வெயில்ல நின்ன, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா இன்னைக்கு நீ போறது நான் கட்டின கட்டடம். வாசல் கல்லுல உன் தாத்தா பேரைச் செதுக்கியிருக்கேன். அது மேலயே குற்றம் தேட என் பொண்ணு போறதா?

— குற்றம் தேடப் போகலப்பா. மாடி வீட்டுக்காரங்க ரெண்டு வருஷமா வாளி வச்சுட்டுத் தூங்கறாங்க. தண்ணி எங்க இருந்து எறங்குதுன்னு பாக்கப் போறேன், அவ்வளவுதான்.

— ஆள் ஏறிப் பாக்கட்டுமே.

— அந்த மேல்தளத்துக்குப் படியே கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? சாரம் கட்டி ஆள் ஏத்தறதை விட என்னைக் கூப்பிடறது அவங்களுக்கு லாபம். அதுவும் இன்னைக்குத்தான் பறக்கணும். ராத்திரி நல்ல மழை. தண்ணி நிக்கற இடமெல்லாம் காலைல மேல இருந்து பாத்தா கண்ணாடி மாதிரி பளிச்சுனு தெரியும். மதியம் வரைக்கும் விட்டா காஞ்சு போயிடும்.

— காயட்டும். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு.

— மாட்டேன்.

— என் பேச்சுக்கு இந்த வீட்ல அவ்வளவுதான் மதிப்பா?

— உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு வளந்ததாலதான் மாட்டேங்கறேன். கான்கிரீட் போடற அன்னைக்கு வரேன்னு சொல்லிட்டு வராத ஆளை நீங்க மறுபடி கூப்பிட்டிருக்கீங்களா? எப்படியும் இவ ஞாயித்துக்கிழமை ஆளுதானேன்னு எல்லாரும் பாக்கறாங்கப்பா. ஒரு தடவை ஏமாத்தினா முடிஞ்சுது. இந்தக் கட்டடத்தைப் பாத்துக்கற மேனேஜர் கையில அந்தத் தெருவுல பாதி இருக்கு. இன்னைக்கு ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா மத்ததும் எனக்குத்தான்.

— சரி. போ. ஆனா பின்பக்கத்தை விட்டுடு.

— என்னது?

— முன்பக்கம், ரெண்டு ஓரம், தண்ணித்தொட்டி, எல்லாம் எடு. பின்பக்கம் வேணாம். அங்க வெயில் நேரா அடிக்கும், படம் சரியா விழாது.

— காலைல பின்பக்கம் நிழல்ப்பா. கட்டினவருக்கு அது தெரியாதா?

— தெரியாம எடுத்துட்டா அப்புறம் அந்த இடத்தை மட்டும் வெட்டிடு. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் செய்வீங்கதானே. யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும். சலிக்காத மணலை ஒரு சட்டி உள்ள விட்டிருக்கீங்களா நீங்க? மழையில நனைஞ்சு கட்டியான சிமெண்ட் மூட்டையை ஆத்துல கொட்டினீங்க, அம்மா அழுதாங்க. அந்த வீட்ல பொறந்துட்டு நான் படத்தை வெட்டித் தரணுமா?

— மானம்னா என்னன்னு எனக்கே பாடம் எடுக்கறியா?

— கேக்கக் கூடாததை ஒண்ணு கேக்கறேன். கோவப்படுங்க, ஆனா பதில் சொல்லுங்க. அந்தத் தளத்துல நீங்க எதையாவது குறைச்சீங்களா?

— வார்த்தையை அளந்து பேசு. ஒரு கைப்பிடி சிமெண்ட் குறைச்சதில்ல. கம்பி குறைச்சதில்ல. என் வேலைக்கு நான் எங்க வேணா நெஞ்சை நிமித்தி நிப்பேன்.

— அப்ப ஏன் நிக்கல? அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்காரங்க எத்தனை கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க? ஒண்ணுக்காவது போனீங்களா? கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான்னு தெருவுல வச்சு முகத்துக்கு நேரா சொன்னப்ப வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு விறுவிறுன்னு வந்துட்டீங்க. அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியாக் கூடப் போறதில்ல. சுத்திட்டுப் போறீங்க.

— நின்னு விளக்கம் சொல்ற பழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது.

— இது பழக்கம் இல்லப்பா. நீங்க எதையோ மறைக்கறீங்க.

— போதும்.

— சரி, நானே பாத்துக்கறேன். பெட்டியை விடுங்க.

— அந்தத் தளம் போட்டப்ப நான் அங்க இல்ல.

— எங்க இருந்தீங்க?

— இங்கதான். இதே கட்டில்ல. கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு. உன் கல்யாணம் முடிஞ்ச கையோட சாரத்துல இருந்து விழுந்தேனே, மறந்துட்டியா?

— மறக்கல. ஆனா வேலை நிக்கலையே. யாரு நின்னு பாத்தது?

— வேணாம்மா.

— யாருப்பா?

— உன் புருஷன்.

— அவரா?

— 'நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க படுங்க'ன்னாரு. ஆசையாத்தான் வந்தாரு. வந்து ரெண்டு மாசம் ஆகல, ஆளுங்களை வச்சுத் தளத்தை முடிச்சுட்டாரு. நான் கம்பை ஊனிக்கிட்டு ஏணியில ஏறிப் பாத்தப்ப எல்லாம் காஞ்சு போச்சு. பின்பக்கம் வாட்டத்தை மாத்தி வச்சிருக்காரு. தண்ணி குழாய்ப் பக்கம் ஓடணும். இது சுவர்ப் பக்கம் ஓடுது.

— அப்பவே உடைச்சிருக்கலாமே.

— உடைச்சிருக்கலாம். அத்தனை கொத்தனாருக்கும் நடுவுல, வீட்டுக்கு வந்து ரெண்டு மாசமான மாப்பிள்ளை தலை குனிஞ்சு நின்னிருப்பாரு. நீ அன்னைக்கு எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. அவரு பேரைச் சொன்னாலே உன் முகம் மலரும். மேல ஒரு பூச்சைப் பூசச் சொன்னேன், தண்ணி வெளிய போக மூலையில வழி வெட்டினேன். ஏழெட்டு வருஷம் தாங்கிச்சு. இப்ப தாங்கல.

— அதுக்காகத் திருட்டுப் பட்டத்தை நீங்க வாங்கிக்கிட்டீங்களா?

— என்னைச் சொன்னா நான் வாங்கிக்குவேன். எனக்கு வயசாச்சு. அவரைச் சொல்ல விட மாட்டேன். அவருக்கே இது தெரியாது. நான் சொன்னதில்ல, உங்கம்மாகிட்ட கூடச் சொன்னதில்ல.

— கட்டட வேலையை விட்டுட்டு உதிரிபாகக் கடைக்குப் போனாரே, அது?

— நான்தான் நைசாப் பேசி அனுப்பினேன். இந்தத் தொழில்ல வருமானம் இல்ல மாப்பிள்ளைன்னு சொன்னேன்.

— அப்பா, அவங்க வீடு ஒழுகுது. உங்க மானத்துக்கும் அவரு மானத்துக்கும் நடுவுல நாலு குடும்பம் ஈரத்துல படுத்திருக்கு.

— தெரியும். அதனாலதான் எனக்கும் தூக்கம் வர்றதில்ல.

— நான் போறேன்.

— சொன்னதுக்கு அப்புறமும் போறியா?

— இப்பதான் கண்டிப்பாப் போகணும். முழுசா எடுப்பேன், ஒரு இடம் விடாம. அப்படியே குடுப்பேன். வாட்டத்தைச் சரி பண்றதுக்கு நம்ம ஆளுங்களை வச்சு நம்ம செலவுல செஞ்சு தரேன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. யாரு தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்.

— கட்டின பொண்டாட்டி எடுத்த படத்துல தன் தப்பைப் பாத்தா, அந்த மனுஷன் இனி எப்படி உன் முகத்துல முழிப்பாரு? அதை யோசிச்சியா?

— அப்பா... சங்கத்துக்காரங்ககிட்ட போய் என் பேரைச் சொல்லி இந்த வேலையைப் பேசி முடிச்சதே அவருதான். இன்னைக்கு எனக்கு முன்னாடியே கெளம்பி அங்க போயிட்டாரு, 'பின்பக்கத்துல இருந்து ஆரம்பி'ன்னு சொல்லிட்டு.